பாதிக்குப் பாதி

எங்கள் வீட்டில் பொய் சொல்வது குற்றம். கூட்டிச் சொல்வது குற்றமில்லை. அப்பா நாங்குநேரித் தேரோட்டம் பார்த்துவிட்டு வந்தால் "லட்சம் பேருக்குக் கொறையாது" என்பார். தெருக்குழாயில் இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சத்தம் போட்டுக்கொண்டால், சட்டையைக் கழற்றும்போதே "மண்டை ஒடைஞ்சு ரத்தம் ஆறா ஓடுது" என்று அடுக்களையைப் பார்த்துச் சொல்வார். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் ஒரு புள்ளி கூட்டாமல் எழுதிய கை அது. அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டில் வந்து கொட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். "ஒங்கப்பா பத்துன்னா அஞ்சுன்னு எடுத்துக்கிடணும். அவுகளும் அதுக்குத் தக்கனதான் சொல்லுதாக" என்பாள். அண்ணனும் நானும் இதைக் கேட்டே வளர்ந்தோம். அப்பா சொல்லச் சொல்ல மனசுக்குள் பாதியாக்கிக்கொண்டே வருவோம். நாளடைவில் இது அப்பாவுக்கு மட்டும் என்றில்லாமல் ஊருக்கே என்று ஆகிவிட்டது. அத்தை வந்து மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்றால் காலையில் காபி மட்டும் குடித்திருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சொல்கிறவர் இரண்டாக்கிச் சொல்வார், கேட்கிறவர் ஒன்றாக்கிக் கேட்பார்.

நான் ஆங்கிலம் படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். வேலைக்கு மனுப் போடுகிற பையன்களும், கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களுமாகப் பதினைந்து பேர் வருவார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வாய்த்துடுக்கு உண்டு, ஆங்கிலம் தெரியும் என்ற மிதப்பு அதைவிட அதிகமாக உண்டு.

அண்ணன் மஸ்கட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சாலை போடும் கம்பெனியில் சர்வேயர். பாலைவனத்துக்குள் எங்கோ முகாம். அங்கே போன் கிடையாது. கடிதம் போய்ச்சேர இரண்டு வாரம். பாஸ்போர்ட் கம்பெனி மேனேஜரிடம் இருக்கும். ஊரிலிருந்து தந்தி வந்தால், அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அவசர லீவு.

அந்தச் சமயத்தில் ஆழ்வார்திருநகரியில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணனுக்கு எழுதினார். அவன் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் போட்டான். அப்பா பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பையனைப் பெண் பார்க்க வரவழைக்க எல்லா வீட்டிலும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி' என்று ஒரு தந்தி. அதை வாங்காத பையன் எங்கள் தெருவில் யாருமில்லை. கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும். தந்தி கையில் வந்ததும் முகாமில் இனிப்பு கேட்பார்களாம்.

அப்பா சொல்லச் சொல்ல நான்தான் ஃபாரத்தை நிரப்பினேன். 'சீரியஸ்' என்று எழுதப் போனவள் நிறுத்தினேன். சீரியஸ் என்றால் அவன் பெண் பார்க்கத்தான் என்று சிரித்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வான். நான் 'கிரிட்டிகல்' என்று எழுதினேன். அப்பா அந்தச் சொல்லை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா விழுதுட்டி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவிடம் இருவரும் மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் அண்ணன் வந்துவிட்டான். திருவனந்தபுரத்தில் இறங்கி வாடகைக் காரில் வந்திருந்தான். மூன்று நாள் தாடி, சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அம்மா அப்போது அடுக்களையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மாவைப் பார்த்ததும் அப்படியே மண்டியிட்டு அவள் மடியில் முகத்தை வைத்து அழுதான். காய்த்தட்டு கவிழ்ந்தது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னய்யா, என்னாச்சுய்யா, வேலை போயிட்டா?" என்று அவன் தலையைத் தடவிக்கொண்டே எங்களைப் பார்த்தாள். நானும் அப்பாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

விஷயம் தெரிந்ததும் அம்மா அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான், "என்னையச் சாகப் போட்டுட்டியாட்டி?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆழ்வார்திருநகரிச் சம்பந்தம் கூடிவரவில்லை. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனவன், "நீயும் வா" என்றான். படித்துறையில் வைத்துத்தான் கேட்டான்.

"கிரிட்டிகல்னு போட்டது நீதான?"

"அப்பாதான் சொன்னாக."

"அப்பாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. சீரியஸ்னு வந்திருந்தா நான் பைய கெளம்பியிருப்பேன். கிரிட்டிகல்னு பாத்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வார வழியில நாங்குநேரியில ஒரு சவ ஊர்வலம் போவுது. காரை நிப்பாட்டி எறங்கி யாருன்னு எட்டிப் பாத்தேன் பாத்துக்கோ. நாங்குநேரியில எதுக்கு நம்ம அம்மா இருக்கப் போறா? அந்தப் புத்திகூட இல்ல எனக்கு."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே எனக்கு எழுதுனா உள்ளத உள்ளபடி எழுது. ஒரு சொல் கூட்டாத. ஒரு சொல் கொறைக்காத. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவன் கையில் அடித்துப் பண்ணினேன். எனக்கு அழுகை வந்தது, அவன் அதைப் பார்க்காத மாதிரி முங்கிக் குளித்தான்.

அதற்குப் பிறகு எனக்கு உண்மைப் பித்துப் பிடித்துவிட்டது. வகுப்பில் ஒரு பெரிய அட்டை எழுதி மாட்டினேன். கூட்டிச் சொல்வதற்கு ஆங்கிலேயர்கள் பேச்சுவாக்கில் என்னவெல்லாம் சொல்கிறார்கள் என்று ஒரு பட்டியல். 'லே இட் ஆன் திக்', கெட்டியாகப் பூசுவது. 'ஸ்ட்ரெச் த ட்ரூத்', உண்மையைப் பிடித்து இழுத்து நீட்டுவது. 'ஓவர்எக் த புட்டிங்', புட்டிங்கில் தேவைக்கு மேல் முட்டையை உடைத்து ஊற்றுவது. நான் சைவம். புட்டிங்கைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் முட்டை அதிகமானால் என்ன ஆகும் என்று பத்து நிமிஷம் விளக்கினேன்.

பிள்ளைகள் தமிழில் திருப்பிச் சொன்னார்கள். அளக்கிறது, சரடு விடுறது, கண் காது மூக்கு வைக்கிறது, ரீல் சுத்துறது. ஒரு பையன் எழுந்து, "மிஸ், இங்கிலீஷ்ல நாலு இருந்தா நம்மகிட்ட நாப்பது இருக்கு" என்றான். உடனே பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "நாப்பது இருக்காது, இருவது இருக்கும்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்று கடைசியில் இருந்தது. ஒருவர் கூட்டிச் சொல்வதை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள், அப்படியே நம்பிவிடாதே என்று அர்த்தம் சொன்னேன். அதே பெண், "உப்பு போட்டா ருசி கூடத்தான மிஸ் செய்யும்? நம்மூர்ல உப்பு காரம் சேத்துச் சொல்லுதான்னா கூட்டிச் சொல்லுதான்னுதான அர்த்தம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் கோபம் வந்தது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்களுக்கு எந்த உப்பும் தேவையில்லை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அட்டையை இரண்டு வருஷம் கழற்றவேயில்லை.

அட்டை மாட்டிய பிறகு வந்த இரண்டாவது ஐப்பசியில் அம்மா விழுந்தாள்.

காலையில் இட்லிப் பானையை இறக்கப் போனவளுக்கு வலது கை எடுக்கவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மழை பிடித்துக்கொண்ட நாள். ஆட்டோவில் வண்ணார்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, பக்கவாதம் என்றும், இப்போதைக்கு நிலைமை ஸ்டேபிள் என்றும், நாற்பத்தெட்டு மணி நேரம் கழிந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றும் சொன்னார்.

"சீரியஸ்னு தந்தி குடுத்துரு" என்றார் அப்பா.

"டாக்டர் சீரியஸ்னு சொல்லல."

"ஏட்டி, அவன் வரணும்லா?"

"உள்ளதச் சொன்னா வருவான். நீங்க ஒரு தடவை பொய் சொன்னது போதும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்கச் சொன்னேன். போன தந்தியில் கிரிட்டிகல் என்று எழுதியவள் நான் என்பதை அந்த நேரத்துக்கு வசதியாக மறந்துவிட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலுக்குப் போய்விட்டார்.

தந்தி ஆபீசில் நான் எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். 'மதர் ஹாஸ்பிடலைஸ்ட். ஸ்ட்ரோக். ஸ்டேபிள் நவ். டாக்டர் வாட்சிங் ஃபார்ட்டியெய்ட் அவர்ஸ். கம் இஃப் பாசிபிள்.' பிழையில்லாத ஆங்கிலம். டாக்டர் சொன்னதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கவுண்டரில் இருந்த அண்ணாச்சி ஃபாரத்தை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"டீச்சரம்மா, அம்மைக்கு நெசமாவே முடியலையா, இல்ல பொண்ணு பாக்கவா?"

"நெசமாத்தான்."

"அப்ப சீரியஸ்னு போடுங்க. சீரியஸ்னு போட்டாத்தான் முடியலன்னு எடுத்துக்கிடுவான். இத்தன வருசத்துல தந்தியில இஃப் பாசிபிள்னு நான் அடிச்சதே இல்லம்மா. முடிஞ்சா வான்னா, வராண்டாம்னுலா ஆவுது?"

"உள்ளத உள்ளபடி போட்டா போதும் அண்ணாச்சி. என் அண்ணனுக்குப் புரியும்."

அவர் முத்திரை குத்தினார். படி இறங்கும்போது எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது, ஒரு தந்தியைச் சரியாக எழுதிவிட்டோம் என்று எனக்கு நிம்மதி வந்தது.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. பேச்சுதான் குழறியது. கிட்டத்தில் குனிந்து கேட்டால் விளங்கும். அவள் அறையின் கதவு கீல் துருப்பிடித்தது, யார் திறந்தாலும் கிறீச்சென்னும். அது கிறீச்சிடும்போதெல்லாம் அம்மா கண்ணைத் திறந்து, "வந்துட்டானா?" என்பாள். நர்ஸ் வந்தாலும் அதே கேள்வி. தரை துடைக்கிறவள் வந்தாலும் அதே கேள்வி.

அப்பா கட்டில் பக்கத்திலிருந்து நகரவில்லை. "வந்துக்கிட்டே இருக்கான். பிளேன் ஏறிட்டான்" என்பார். அடுத்த தடவை, "திருவனந்தபுரத்துல எறங்கிட்டான்." பிறகு, "கார் புடிச்சிட்டான். நாங்குநேரி தாண்டிட்டான்." நான் அவரை வெளியே இழுத்துக்கொண்டு போய், "இப்பவுமா அளப்பிய? அவன் தந்தியே இன்னும் வாங்கியிருக்க மாட்டான்" என்று சண்டை போட்டேன். உள்ளே வந்தபோது அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். குனிந்தேன்.

"நாங்குநேரின்னு சொல்லுதாக. அப்பன்னா நாரோயில்லதான் வந்துக்கிட்டிருப்பான்" என்றாள். நாகர்கோயில் நாங்குநேரிக்கு முன்னால், பாதி வழியில் வருகிற ஊர். வாயின் நல்ல பக்கம் சிரித்தது.

மறுநாள் சாயங்காலம் அண்ணனின் பதில் தந்தி வீட்டுக்கு வந்தது. 'ரிலீவ்ட் மதர் ஸ்டேபிள். கமிங் நெக்ஸ்ட் மன்த்.' நான் அதைப் படித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். போன தடவை கிரிட்டிகல் என்று வந்தது, அம்மா அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஸ்டேபிள், அதுவும் முடிந்தால் வா. அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. அம்மா சொல்லிக்கொடுத்தபடி பாதியாக்கிக் கேட்டிருக்கிறான். உள்ளதை உள்ளபடி எழுது என்று சத்தியம் வாங்கியவன்தான். எழுதியதை உள்ளபடி படிக்க அவனுக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்குத்தான் தெரியும்?

மூன்றாம் நாள் காலையில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் அப்பாவின் பழைய வார்த்தைகளையே எழுதிக் கொடுத்தேன். 'மதர் சீரியஸ். ஸ்டார்ட் இமீடியட்லி.' அண்ணாச்சி இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவிலிருந்து அந்தச் சொற்கள் அவற்றுக்குரிய அர்த்தத்தோடு போனது அந்த ஒரு தடவைதான். அண்ணன் அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது மேனேஜர் சிரித்தாராம். ரெண்டு நாளைக்கு முன்னால் ஸ்டேபிள், இப்போது சீரியஸா, பெண் கிடைத்துவிட்டதா என்று கேட்டாராம். அண்ணன் அவர் மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டு, பாஸ்போர்ட் கைக்கு வர ஒரு நாள் ஆகிவிட்டது.

அம்மா நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். ஐஸ் வைத்து ஒரு பகல் முழுதும் காத்திருந்தோம். மறுநாள் பெரியவர்கள் இனிமேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கருப்பந்துறையில் அப்பாவே கொள்ளி வைத்தார். அடுத்த நாள் காலை, சாம்பல் அள்ளக் கிளம்பும் நேரத்துக்கு வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். துண்டை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தான்.

ஆற்றில் கரைத்து முங்கிவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்தான். அடுக்களையில் அம்மா காய் நறுக்கும் இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். அப்பா எதிரே நாற்காலியில் இருந்தார். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அம்மா என்னையத் தேடுனாளா?" என்று கேட்டான்.

கதவு கிறீச்சிட்ட சத்தம் எனக்குக் காதில் கேட்டது. மூன்று நாள். நர்ஸ், தரை துடைக்கிறவள், மருந்துப் பையன், நான், அப்பா, ஒவ்வொரு தடவையும். இதை இவனிடம் சொன்னால் இவன் எப்படி மீதிக் காலத்தைக் கழிப்பான் என்று தோன்றியது. அவன் கை டம்ளரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அதை அப்போது யாராலும் சொல்ல முடியாது.

"கேட்டா" என்றேன்.

"எத்தன தடவ?"

"ஒரு தடவ. சேத்த அன்னைக்கு. அப்புறம் நல்லாத் தூங்கிட்டா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு டம்ளரைப் பார்த்தான். மெல்லத் தலையாட்டினான்.

"ஒரு தடவன்னா, கேக்கவே இல்ல. எனக்காவச் சொல்லுத." காபியை ஒரு வாய் குடித்தான். "சரி விடு. நல்லதுதான். தேடாமப் போயிருக்கா."

அப்பா நாற்காலியில் முன்னுக்கு வந்தார். ஆயுசு முழுக்க ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னவர். அந்த அறையில் மூன்று நாளும் கூடவே இருந்தவர். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பவும் பின்னால் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் தேருக்குப் போய்விட்டு வந்தால்கூட எத்தனை பேர் என்று சொல்வதில்லை.

வகுப்பிலிருந்த அட்டையை அந்த வாரமே கழற்றிக் கிழித்தேன். ஒரு சொல் கூட்டாதே என்றதை, அம்மா உயிரோடு இருந்தபோது காப்பாற்றினேன். ஒரு சொல் குறைக்காதே என்றதை, அவள் போன பிறகு மீறினேன். இரண்டு தடவையும் தப்பாகவே போயிற்று.

அண்ணனுக்குப் பிறகு கல்யாணம் ஆகி ஒரு மகள் பிறந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஆறோ ஏழோ வயது இருக்கும்போது, சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்து என்னவோ கேட்டாள். அவன் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்க ஆச்சிக்கு நான்னா உசுரு. ஆனா கடைசியில என்னைய ஒரு தடவகூடத் தேடல" என்றான். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பழகிப்போன குரலில் சொன்னான்.

நான் அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். தேடினாள், கதவு திறக்கும்போதெல்லாம் தேடினாள், நீ நாகர்கோயில் வரைக்கும் வந்துவிட்டாய் என்று நம்பிச் சிரித்தாள் என்று. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்த்ததுமே மகளிடம் குனிந்து, "இன்னா, ஒங்க அத்தை வாரா. அவ இதுக்குக் கண்ணு காது மூக்கு வச்சு ஒண்ணு சொல்லுவா பாரு. பாதியா எடுத்துக்கோ" என்றான்.

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.